நான்கு பேர் அறையில் பத்துப் பேர்: பட்டாசு ஆலை விதிமீறலின் கணக்கு

பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்த மறுநாள், "மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது" என்ற வரி செய்தித்தாள்களில் தவறாமல் வரும். வெடித்ததற்கு உராய்வு காரணமாக இருக்கலாம். எத்தனை பேர் செத்தார்கள் என்பதை உராய்வு முடிவு செய்வதில்லை. அந்த அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், எவ்வளவு மருந்து இருந்தது, அடுத்த அறை எவ்வளவு தள்ளி இருந்தது, வாசலில் என்ன அடுக்கியிருந்தது என்பவைதாம் அதை முடிவு செய்கின்றன. இந்த நான்குக்குமே விதி உண்டு.

விதியை மீறினால் அபராதம் கட்ட வேண்டும், அவ்வளவுதான் செலவு என்று பல சிறு முதலாளிகள் நினைக்கிறார்கள். உண்மையில் வரும் கணக்கில் அபராதம் சின்னத் தொகை. பாதுகாப்பு விதி இரண்டு வேலை செய்கிறது. விபத்து நடக்கும் வாய்ப்பைக் குறைப்பது ஒன்று. நடந்தே விட்டாலும் இழப்பு இந்த அளவைத் தாண்டாது என்று வரம்பு கட்டுவது மற்றொன்று. விதியை மீறும் முதலாளி இந்த இரண்டாவது வரம்பையும் தன் கையால் எடுத்துவிடுகிறார். அதன் பிறகு கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதை விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசுத் தொழிலை வைத்தே பார்க்கலாம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன. இந்தக் கணக்கு அங்கே பலமுறை போடப்பட்டிருக்கிறது.

விதியில் ஏன் எண்கள் இருக்கின்றன?

பட்டாசுத் தயாரிப்புக்கு 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் அதன் கீழ் வந்த 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் பொருந்தும். உரிமம் தருவது, அளவைப் பொறுத்து, மாவட்ட நிர்வாகமோ பெசோ எனப்படும் மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்போ. பெசோவின் தலைமையகம் நாக்பூரில் இருப்பதால் ஊரில் அதை 'நாக்பூர் லைசென்ஸ்' என்பார்கள். மாவட்ட நிர்வாகம் தரும் உரிமத்தில் ஒரே நேரத்தில் 15 கிலோ மருந்து வரைதான் கையாளலாம்.

உரிமத்தோடு நிபந்தனைகளும் வரும். மருந்து கையாளும் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அன்றைய வேலைக்கு வேண்டிய அளவு மட்டுமே அறைக்குள் வர வேண்டும். அறைக்கும் அறைக்கும் இடையில் குறித்த தூரம் வேண்டும். மரத்தடியிலோ, தாழ்வாரத்திலோ, தகரக் கொட்டகையிலோ வேலை நடக்கக் கூடாது. உரிமத்தில் இல்லாத பேன்சி ரகங்களைச் செய்யக் கூடாது. இரும்புக் கருவிகள் கூடாது. கலந்த மருந்தை அன்றே தீர்க்க வேண்டும், மறுநாளுக்கு மிச்சம் வைக்கக் கூடாது.

இவற்றில் பாதி, தீப்பொறி வராமல் தடுப்பவை. இரும்பு உரசினால் பொறி பறக்கும். அலுமினியத் தூள் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் சூடு ஏறும். ராத்திரி முழுக்கக் கிடந்த மிச்ச மருந்தில் காலையில் கை வைப்பது அதனால்தான் ஆபத்து.

மறுபாதி வேறு வகை. நான்கு பேர் என்ற எண்ணோ, அறைக்கு நடுவில் விட்ட வெற்றிடமோ பொறியைத் தடுக்காது. அந்த அறை வெடித்தால் அந்த அறையோடு முடியட்டும் என்பதற்காக எழுதப்பட்டவை அவை. ஓர் அறையில் நடக்கும் விபத்து நான்கு குடும்பங்களைத் தாண்டக் கூடாது என்பதே அந்த எண்ணின் பொருள். நான்கு பேர் அறையில் பத்துப் பேரை உட்கார வைத்தால், சாவும் அதன் பின்னால் வரும் பணக்கணக்கும் இரண்டரை மடங்காகின்றன. அறைகளுக்கு நடுவில் பந்தல் போட்டு ஆட்களை உட்கார வைத்தால் ஓர் அறையின் தீ அடுத்த அறைக்குப் போக வழி கிடைக்கிறது. அதற்குமேல் மடங்கு கணக்கு உதவாது.

முதல் நாளே நின்றுபோவது எது?

விபத்து நடந்த அன்று காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகும். வழக்கமாக உரிமையாளர், மேலாளர், போர்மேன் ஆகியோர் பெயர்கள் அதில் இருக்கும். கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் உச்ச தண்டனை 2 ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதை 5 ஆண்டாக உயர்த்தியிருக்கிறது.

அதே நாளில் ஆலைக்குச் சீல் வைக்கப்படும், உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்படும். பணக்கணக்கில் முதல் அடி இதுதான். பட்டாசுக்கு ஒரே பெரிய சந்தை தீபாவளி. ஆகஸ்டில் பூட்டிய ஆலை நவம்பரில் திறந்தால் அந்த வருடம் போனது போனதுதான். வடமாநில வியாபாரிகள் கொடுத்த முன்பணத்தைத் திருப்ப வேண்டும். பூட்டிய கிடங்குக்குள் இருக்கும் மூலப்பொருளை எடுக்க முடியாது, விற்கவும் முடியாது. வங்கித் தவணைக்கு இது எதுவும் தெரியாது. மாதம் பிறந்தால் வட்டி ஏறும்.

இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

தொழிலாளி ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவாகியிருந்தால் அவர் குடும்பத்துக்கு மாதந்தோறும் உதவித்தொகை அதை நடத்தும் கழகத்திலிருந்து வரும். இதற்காக முதலாளி கட்டுவது சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி கட்டுவது 0.75 சதவீதம். பதிவு செய்ய வேண்டிய ஆளைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் கழகம் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, அதை முதலாளியிடம் வசூலிக்க இறங்கும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு விலை அது.

ஈ.எஸ்.ஐ. பொருந்தாத இடத்தில் முதலாளியே இழப்பீடு தர வேண்டும். 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் இதற்கு ஒரு சூத்திரம் வகுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதே வழியில்தான் போகிறது. இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை, அவர் வயதுக்கு உரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரியில் வந்த அறிவிப்புப்படி இந்தக் கணக்குக்கு எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய்.

30 வயதுத் தொழிலாளி, மாதச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். 30 வயதுக்கான காரணி 207.98. பாதிச் சம்பளமான 7,500-ஐ அதனால் பெருக்கினால் 15,59,850 ரூபாய். ஆள் 20 வயது என்றால் காரணி 224, தொகை 16,80,000. வயது குறையக் குறையத் தொகை கூடும், இழந்த உழைப்பாண்டுகள் அதிகம் என்பதால்.

இப்போது அறைக்குத் திரும்புவோம். 30 வயதுக்காரர்கள் நான்கு பேர் என்றால் 62,39,400 ரூபாய். பத்துப் பேர் என்றால் 1,55,98,500. இரண்டுக்கும் இடையிலுள்ள 93 லட்சத்துச் சொச்சம், விபத்தின் விலை என்று சொல்ல முடியாது. அது முழுக்க முழுக்க விதிமீறலின் விலை.

தொகையை ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லை என்று இழப்பீட்டை விசாரிக்கும் அதிகாரி கருதினால் தொகையில் 50 சதவீதம் வரை கூடுதலாகவும் விதிக்கலாம். ஒரே ஒரு 15,59,850 ரூபாய் இழப்பீட்டை ஒரு வருடம் இழுத்தடித்தால் வட்டி மட்டும் 1,87,182. தண்டத்தொகை 7,79,925 வரை போகும். "அவன்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை" என்ற வாதம் இங்கே எடுபடாது. உயிர்போன வழக்கில், தொழிலாளியின் அசட்டையைக் காட்டி இழப்பீட்டை மறுக்கச் சட்டம் இடம் தரவில்லை.

அதற்குமேல் ஒரு பொறுப்பு இருக்கிறதா?

இருக்கிறது. போபால் விபத்துக்கு அடுத்த ஆண்டு, 1985 டிசம்பர் 4-ஆம் தேதி, டெல்லியில் ஸ்ரீராம் நிறுவனத்தின் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அது தொடர்பான வழக்கில் தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 1986 டிசம்பரில் புதிய கோட்பாடு ஒன்றை வகுத்தது. அபாயகரமான தொழிலை நடத்தி லாபம் பார்ப்பவர், அதனால் விளையும் கேட்டுக்கு முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும். நான் எச்சரிக்கையாகத்தான் இருந்தேன் என்பது தப்பிக்கும் வழி ஆகாது. நிறுவனம் பெரிதாகவும் வசதியாகவும் இருந்தால் இழப்பீடும் அதற்கேற்ப உயர வேண்டும்.

2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்த வழியில் பல விபத்துகளைத் தானாகவே கையில் எடுத்திருக்கிறது. 2020 மே 7-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்து மக்கள் இறந்தபோது, முதல் கட்டமாகவே 50 கோடி ரூபாயைக் கட்டச் சொன்னது.

விருதுநகர் மாவட்டத்துக்குத் தீர்ப்பாயத்தின் இந்த நடவடிக்கை 2021-இல் வந்தது. பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலையின் அறைகள் பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தன என்ற செய்தி வெளிவந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்த தீர்ப்பாயம், இறந்தவர் ஒவ்வொருவருக்கும் 20 லட்சம் என்று நிர்ணயித்தது. 50 சதவீதத்துக்கு மேல் தீக்காயம் என்றால் 15 லட்சம், 25 முதல் 50 சதவீதம் என்றால் 10 லட்சம், 5 முதல் 25 சதவீதம் என்றால் 5 லட்சம். உயிரோடு தப்பியவருக்கும் தனியே ஒரு வரி உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். நெருக்கியடித்து உட்கார்ந்த கூடத்தில் காயப்பட்டவர்களின் எண்ணிக்கை இறந்தவர்களின் எண்ணிக்கையைத் தாண்டுவது சாதாரணம்.

குத்தகைக்கு விட்டால் பொறுப்பு போய்விடுமா?

இந்தத் தொழிலில் அதிகம் நம்பப்படும் தப்புக் கணக்கு இதுதான். உரிமம் வைத்திருப்பவர் அறை அறையாகப் பிரித்துப் பருவத்துக்கு இவ்வளவு என்று குத்தகைக்கு விடுகிறார். ஆளைக் கூட்டி வருவதும் வேலை வாங்குவதும் குத்தகைதாரர். விபத்து நடந்தால் "அது அவர் பாடு" என்று ஒதுங்கிவிடலாம் என்று நினைப்பு.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ, நிபந்தனையும் அவர் கழுத்தில்தான். உரிமத்தை இன்னொருவர் கையில் கொடுத்ததே தனி விதிமீறல். ஒப்பந்தக்காரர் மூலம் வந்த தொழிலாளிக்கும் முதன்மை முதலாளியே இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வகுக்கப்பட்டது. கொடுத்த பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம், அவரிடம் இருந்தால். நிறுவனமாக நடத்தினாலும் சம்பளத்துக்கு வைத்த ஒரு மேலாளரைத் தொழிற்சாலையின் பொறுப்பாளராகக் காட்டிவிட்டு இயக்குநர்கள் ஒதுங்க முடியாது. ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது.

குத்தகையில் உரிமையாளர் விட்டுக்கொடுப்பது கண்காணிப்பை மட்டும்தான். பொறுப்பு அவரிடமே நிற்கிறது.

அபராதம் எவ்வளவு?

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் பொதுவான தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருந்தது. பாதுகாப்பு விதியை மீறியதால் உயிர் போனால் அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது சட்டம். ஓர் உயிருக்கு எதிரே 25,000 ரூபாய் என்ற அளவு வருடக்கணக்கில் மாறாமல் கிடந்தது. அபராதத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்ட முதலாளிகளுக்கு விதிமீறல் மலிவாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இந்த எண்களை மாற்றியது. விதிமீறலால் மரணம் என்றால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பலத்த காயம் என்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது 2 முதல் 4 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுக்கோ கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். தனியாகத் தண்டனை சொல்லப்படாத மீறல்களுக்குக்கூடத் தண்டத்தொகை 2 லட்சத்தில் தொடங்குகிறது. இதற்கு விபத்து நடந்திருக்க வேண்டும் என்பதில்லை.

காப்பீடு கைகொடுக்குமா?

விதிப்படி நடந்த ஆலைக்குக் கைகொடுக்கும். காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்தால் முதலில் கேட்பது உரிமத்தையும் ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும்தான். வரைபடத்தில் இல்லாத கொட்டகையில் தீப்பிடித்திருந்தால், உரிமத்தில் இல்லாத ரகம் அங்கே தயாராகிக்கொண்டிருந்தால், உரிமம் நிறுத்தப்பட்டிருந்த நாளில் வேலை நடந்திருந்தால், கோரிக்கையை மறுக்க அவர்களுக்கு வலுவான காரணம் கிடைத்துவிடும். பல வருடம் பிரீமியம் கட்டியிருந்தும், எந்த நாளுக்காகக் கட்டினாரோ அந்த நாளில் பாலிசி உதவாமல் போகலாம்.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஓம் சக்தி ஆலை வெடித்தபோது, விதிமீறல்களுக்காக அதன் உரிமம் ஏற்கெனவே தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருந்தது. தீபாவளிக்கு முந்தைய வேகத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றுவட்டார மக்களும் அவர்களில் இருந்தார்கள். ஆலையின் சம்பளப் பதிவேட்டில் இல்லாத உயிர்களுக்கும் ஆலை பதில் சொல்ல வேண்டி வரும் என்பதற்கு அது சாட்சி.

மற்றவர்கள் தலையில் விழும் பங்கு

ஓர் ஆலை வெடித்தால் மறு வாரமே ஆய்வுக் குழுக்கள் மாவட்டம் முழுக்கக் கிளம்பும். ஒழுங்காக நடத்துபவரின் ஆலையிலும் வேலை தடைபடும். அரசு நிவாரணம் மக்கள் வரிப்பணத்திலிருந்து போகும். தீக்காயப் பிரிவில் மாதக்கணக்கில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொருவர் வேலையை விடுவார். இவை எதுவும் விதியை மீறியவரின் பேரேட்டில் செலவாக ஏறாது. விதிமீறல் மலிவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். விலையில் ஒரு பகுதியை அடுத்தவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

தெரிந்தும் ஏன் மீறுகிறார்கள்?

பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், ஆனால் அது விளக்கம் ஆகாது. விதிமீறலின் ஆதாயம் தினமும் கைக்கு வருகிறது. அதிக ஆள், அதிக உருப்படி, குறைந்த கட்டடச் செலவு. அதன் நட்டம் பல வருடம் வராமலே போகலாம். பத்து வருடம் வெடிக்காத அறை, பாதுகாப்பான அறை என்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது.

குத்தகைதாரர் ஒரு பருவத்துக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறார். அறை இடிந்தால் அவருக்கு அடுத்த ஆலை இருக்கிறது. உரிமையாளருக்கு வாடகை வந்துவிடுகிறது, உள்ளே நடப்பதைப் பார்க்காமல் இருப்பதே அவருக்கு வசதி. தொழிலாளிக்கு உருப்படிக் கணக்கில் கூலி. கோடையில் அறைக்குள் வெக்கை தாங்காமல் மரத்தடிக்கு வந்து உட்காருகிறார், சீக்கிரம் முடித்தால் நாலு காசு கூட வரும். இப்படி மூன்று பேருக்கும் அன்றைய நாளில் விதியை மீறுவதே லாபமாகத் தெரிகிறது. இவர்களில் முழு நட்டத்தையும் தாங்கப்போகிறவர் என்று சட்டம் கைகாட்டுவது உரிமையாளரை. அங்கே இல்லாதவரும் பெரும்பாலும் அவர்தான்.

அதனால் அபராதத் தொகையை உயர்த்தினால் மட்டும் போதாது. வெடிப்பதற்கு முன்பே பிடிபடுவோம் என்ற எண்ணம் வர வேண்டும். அதற்கு ஆய்வு வருடத்தின் பரபரப்பான மாதங்களில், முன்னறிவிப்பில்லாமல் நடக்க வேண்டும். உருப்படிக் கூலி வாங்கும் தொழிலாளிக்கு வெயில் நேரத்தில் வேலையை நிறுத்தினாலும் கூலி குறையாத ஏற்பாடு வேண்டும். அறையில் காற்றோட்டம் இருந்தால் மரத்தடி யாரையும் இழுக்காது.

முதலாளி இன்றே செய்யக்கூடியது

ஆலையில் கூட்டம் அதிகமான அறையில் இன்று எத்தனை பேர் என்று பாருங்கள். அதைத் தலைக்கு 20 லட்சம் என்று பெருக்குங்கள். காப்பீடு கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, ஒரு பருவத்தின் முழு விற்பனையையும் அதோடு சேருங்கள். கூடுதல் ஆட்களால் இந்த வருடம் கிடைத்த அதிகப்படி லாபத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். எத்தனை வருட லாபம் சேர்ந்தால் ஒரு நாளின் கணக்கு தீரும் என்பது தெரிந்துவிடும்.

இதற்கு ஆடிட்டர் தேவையில்லை. காலை பதினொரு மணிக்கு ஒவ்வோர் அறை வாசலிலும் நின்று தலையை எண்ணினால் போதும். ஐந்தாவது ஆளை எழுப்பி வெளியே அனுப்பும் அதிகாரம் போர்மேனுக்கு இருக்க வேண்டும். அன்று உருப்படி குறைந்ததற்காகச் சாயங்காலம் அவரைத் திட்டாத முதலாளியும் வேண்டும்.